தாடி டிராகன் அடங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, இது என்னைக் கண்டாலே கறுத்துப் போகுது. வாயைப் பொளந்துக்கிட்டு வருது. எனக்கு வேணாம்க்கா, நீங்களே வச்சுக்கோங்க."

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஓர் ஆகஸ்ட் மாத மாலையில் என் வாசலில் நின்று சொன்னது இது. வயது 13. மதுரைப் பக்கத்திலிருந்து சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளியில் மதிய இடைவேளை முழுக்க நூலகத்தில்தான் இருப்பான். விளையாட்டு வராது, பேச்சும் வராது. பிறந்தநாளுக்கு அவன் அப்பா வாங்கித் தந்த தாடி டிராகன் என்ற ஓணான் வகைப் பிராணிதான் அவனுக்கென்று இருந்த ஒரே துணை. அதுவும் சீறினால் பிள்ளை எங்கே போவான்? வீட்டில் அப்பத்தா வேறு, "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்ட கதை" என்று ஆரம்பித்துவிட்டார்.

நானும் 14 வயதில் இதே ஊருக்கு வந்து, இதே மாதிரி நூலக மூலையில் உட்கார்ந்திருந்தவள்தான். எனக்கும் முதல் சிநேகிதம் ஒரு தாடி டிராகனோடுதான் அமைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை "அடங்க மாட்டேங்குது" என்று என்னிடம் வந்த டிராகன்களில் குணம் கெட்டது என்று ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சூடு தப்பு, வெளிச்சம் தப்பு, இல்லாவிட்டால் கை போகும் திசை தப்பு. அதனால் "எப்படி அடக்குவது" என்று கேட்காமல், அது என்ன செய்கிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கிப் போவோம்.

அப்பத்தா ஓணான் என்று சொன்னதில் தப்பில்லை. நம்மூர் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். போகோனா விட்டிசெப்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம்: நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களின் மேற்குப் பகுதி, தெற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி, அதை ஒட்டிய இடங்கள். வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வளரும். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடம் கூட இருக்கும். காட்டில் பிடித்து வருவது குற்றம். நியூ சவுத் வேல்ஸில் வீட்டில் வளர்க்க உரிமம் வேண்டும். அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் அளக்க வேண்டியது

அந்தப் பையன் வீட்டுக்குப் போனதும் நான் டிராகனைத் தொடவில்லை. சூட்டு விளக்குக்கு அடியில் அது வெயில் காயும் கல்லின் சூட்டை அளந்தேன். அதன் கண்ணாடித் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த வட்ட முள் தெர்மாமீட்டர் 38 டிகிரி என்றது. என் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லுக்கு நேராகப் பிடித்தால் 29. ஒன்பது டிகிரி வித்தியாசம்! விலங்கின் வயிறு படுவது கல்லின் மேல்தான், கண்ணாடிச் சுவரில் இல்லை. அளக்க வேண்டியதும் கல்லைத்தான். நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. அது மனித உடம்புச் சூட்டை மனதில் வைத்துச் செய்தது. சமையலறைக்கோ பட்டறைக்கோ விற்கிற வகையை வாங்குங்கள்.

வெயில் காயும் கல் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், குட்டிக்கு ஓரிரண்டு டிகிரி கூடுதலாக. தொட்டியின் மறுமுனை 25 பக்கம். இரவில் 18 அல்லது 20 வரை இறங்கினால் பாதகமில்லை. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே அது தானாக நடந்து தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு உடம்புக்குள் அடுப்பு இல்லை. கல் ஆறிப் போயிருந்தால் செரிமானமும் ஆறிப் போகும், ஓடித் தப்பிக்கக் காலில் வலுவும் இருக்காது. ஓட முடியாத பிராணி சீறத்தான் செய்யும்.

அடுத்தது யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு. சூட்டு விளக்கு வேறு, இது வேறு. குழல் வடிவில் வரும் டி5 வகைதான் என் தேர்வு. கல்லிலிருந்து ஓர் அடி உயரத்தில், கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். யூவிபி கண்ணாடி வழியாக வராது. "ஜன்னலோரம்தான் வச்சிருக்கேன், நல்லா வெயில் வருது" என்பது பயன்படாது, கோடையில் தொட்டியே உலையாகும் ஆபத்தும் உண்டு. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி நாளுக்கு நாள் குறையும். மாட்டிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இந்த இரண்டையும் சரிசெய்து பத்து நாள் விட்டுவிடுங்கள். பாதிப் புகார்கள் அதற்குள் காணாமல் போகும்.

கையை நீட்டினால் தாடி கறுக்கிறது, வாயைப் பிளக்கிறது

எல்லாரையும் பயமுறுத்துவது இதுதான். பக்கத்தில் போய்ப் பாருங்கள். தாடைக்குக் கீழே படிந்திருக்கிற முள் செதில்கள் வரிசையாக எழும்பும். சாம்பல் தோல் பழுப்பாகி, அரை நிமிடத்தில் அடுப்புக்கரி மாதிரி ஆகும். உடம்பைத் தட்டையாக விரிக்கும். வாய்க்குள் மஞ்சளும் இளஞ்சிவப்பும் தெரியும். பார்க்கக் கோபம் மாதிரிதான் இருக்கும். எனக்குத் தெரிந்து அது பயம்.

கை எந்தப் பக்கமிருந்து வந்தது? மேலிருந்து என்றால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதன் உச்சந்தலையில் வெளிறிய ஒற்றைச் செதில் ஒன்று தெரியும். அதற்கடியில் மூன்றாவது கண் இருக்கிறது. உருவம் பார்க்காது, வெளிச்சமும் நிழலும் மட்டும் உணரும். திறந்த வெளியில் அதைத் தூக்கிப் போகிறவை கழுகும் பருந்தும்தான். தொட்டியின் மேல் மூடியைத் திறந்து கையை இறக்கினால், பருந்து நிழலைக் கண்ட கோழிக்குஞ்சின் நிலைதான் அதற்கு. முன்பக்கம் கதவு திறக்கிற தொட்டியாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் தொட்டியை உயரமான மேசையில் வைத்து, உங்கள் முகம் அதன் முகத்துக்கு நேராக இருக்கும்படி செய்யுங்கள்.

அதன் பிறகு பழக்கம். அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, ஒரு வாரம் நீ அதைத் தொடவே கூடாது. தண்ணி, சாப்பாடு, சுத்தம் பண்றது. வேற எதுக்கும் கை உள்ள போகக் கூடாது."

"அப்ப எப்படிக்கா பழகும்?"

"நூலகத்துல என்ன பண்ணுவ?"

"படிப்பேன்."

"அதை இங்க பண்ணு. தொட்டி முன்னாடி உட்கார்ந்து படி."

தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படித்தான். அசையாமல் உட்கார அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வாரம்தான் மிகக் கஷ்டம். ஒதுங்கியே இருந்து பழகிய பிள்ளைக்கு இது கைவந்த வேலை. நான்காம் நாளிலேயே டிராகன் ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வந்து, கண்ணாடியோரம் படுத்து அவனைப் பார்க்கத் தொடங்கியது.

இரண்டாம் வாரம் கையை உள்ளே வைக்கலாம், ஆனால் அதைத் தேடிப் போகக் கூடாது. தொட்டியின் குளிர்ந்த முனையில், உள்ளங்கை மேலே பார்த்தபடி, ஐந்து நிமிடம். தாடி கறுக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சட்டென்று கையை இழுத்தால், "சீறினால் போய்விடும்" என்று அது கற்றுக்கொள்ளும். விடாமல் நெருங்கினால், கை என்றாலே ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். கறுப்பு வெளிறி, செதில்கள் படிந்த பிறகு மெல்ல எடுங்கள். மறுநாள் அதைவிட நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள்.

மூன்றாம் வாரம் இடுக்கியில் பட்டுப்புழுவைப் பிடித்து, உங்கள் உள்ளங்கைக்கு மேலே நீட்டுங்கள். புழுவுக்காக அதுவே முன்கால்களை உங்கள் கையில் வைக்கும். வைத்துவிட்டதே என்று தூக்கிவிடாதீர்கள். சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போகட்டும். இப்படி ஏழெட்டு முறை ஆன பிறகு, ஒரு கை விரல்களை நெஞ்சுக்கடியில் நுழைத்து, மறு கையைப் பின்னங்கால்களுக்கும் வாலடிக்கும் கீழே கொடுத்துத் தூக்குங்கள். நான்கு பாதங்களும் எதன் மேலாவது படிந்திருக்க வேண்டும். காற்றில் ஒரு கால் தொங்கினாலும் துள்ளும். வாலைப் பிடிக்கவே கூடாது. பல்லி வால் மாதிரி இது திரும்ப முளைக்காது.

தூக்கி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கிறது, ஆனால் யாரையும் பார்த்துச் சீறவில்லை

கல்லின் மேல் கண்ணை அரைவாசி மூடி, வாயைத் திறந்து கிடந்தால் கவலை வேண்டாம். போதுமான சூடு ஏறிவிட்டது, மிச்சத்தை வெளியேற்றுகிறது. குளிர்ந்த முனையிலும் அப்படியே இருந்தால், மூச்சில் கரகரப்போ வாயோரத்தில் நுரையோ தெரிந்தால், அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள்.

கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே ஓடுகிறது

இரவில் தொட்டிக்கு எதிரே நின்று, அறை விளக்கை அணைத்துவிட்டு உள்விளக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் அதன் பிம்பம் தெரிகிறதா? இன்னொரு டிராகன் எல்லைக்குள் வந்துவிட்டது என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பக்கமும் வெளிப்புறத்தில் காகிதம் ஒட்டுங்கள். பிம்பம் இல்லையென்றால் குளிர்ந்த முனையின் சூட்டைப் பாருங்கள். அங்கேயும் 32, 33 என்றால் அது தப்பிக்க இடம் தேடுகிறது. வளர்ந்த டிராகனுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் இல்லாத தொட்டி சின்னத் தொட்டிதான்.

பெண்ணாக இருந்து, ஓடுவதோடு மூலையில் தோண்டவும் செய்தால் முட்டையாக இருக்கலாம். ஆண் துணையே இல்லாமலும் கருவில்லாத முட்டைகள் இடும். ஈர மணல் ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, தனியாக விடுங்கள். தோண்டித் தோண்டிச் சோர்ந்து, சாப்பாட்டையும் விட்டு, முட்டையும் வரவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கடிக்கிறது

கோபத்தில் கடிப்பது அபூர்வம். விரலைப் புழு என்று நினைத்துக் கடிப்பதே அதிகம். பூச்சியைத் தொட்ட கையோடு உள்ளே போகாதீர்கள். இடுக்கி வந்தால் சாப்பாடு, வெறுங்கை வந்தால் சாப்பாடு இல்லை என்ற வேறுபாட்டை அது சில நாட்களில் புரிந்துகொள்ளும். கவ்விவிட்டால் இழுக்காதீர்கள், அதன் தாடை காயப்படும். கையைத் தரையோடு படிய வைத்தால் தானாக விடும்.

சாப்பிடவில்லை, தூங்கியே கிடக்கிறது

இங்கே வயதும் மாதமும் முக்கியம். வளர்ந்த டிராகன் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தூங்கும். ஆஸ்திரேலியாவில் அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. எடை குறையாமல், எழுப்பினால் கண் திறந்து பார்த்தால் அது அதன் இயல்பு. தண்ணீர் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். வயிற்றில் செரிக்காத உணவோடு தூங்க விடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குட்டி அப்படித் தூங்கினால் அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பையனுடைய டிராகனுக்கு அப்போது ஐந்து மாதம்தான். 29 டிகிரிக் கல்லில் அது தூங்கவில்லை, துவண்டு கிடந்தது.

வாராவாரம் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் தராசுக்குத் தெரியும். குட்டிக்குப் பெரும்பங்கு பூச்சி, வளர்ந்ததற்குப் பெரும்பங்கு கீரையும் காயும். ஒரு வயதுக்கு மேல் கீரையைத் தள்ளிவிட்டுப் புழுவுக்கே காத்திருந்தால், அது அடம்தான். காலையில் பசியோடு இருக்கும்போது கீரையை முதலில் வையுங்கள், பூச்சி மாலைக்கு. பூச்சியின் அளவு டிராகனின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வீட்டில் ஆய்கிற பசலைக்கீரையைத் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. பரங்கிக்காய்த் துருவல் பெரும்பாலானவற்றுக்குப் பிடிக்கும். அவகாடோ நஞ்சு.

விரல்கள் துடிக்கின்றன, தாடை மெத்தென்று இருக்கிறது, நடை தள்ளாடுகிறது

பழக்குவதை எல்லாம் நிறுத்துங்கள். இது எலும்பு நோய். யூவிபி இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து சேராது, உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். தூக்கினால் சீறுகிறது என்று நீங்கள் நினைக்கும்போது, அதற்கு வலித்துக்கொண்டிருக்கலாம். என் முதல் டிராகனுக்கு இது வந்தது. கடையில் யூவிபி என்று சொல்லி விற்றது வெறும் சூட்டு விளக்கு. நான்கு மாதம் எனக்குத் தெரியவில்லை. வலது முன்கால் வளைந்துபோனது, அந்த வளைவு கடைசிவரை நேராகவே இல்லை. சீக்கிரம் கண்டால் மருத்துவர் நோயைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். வராமல் தடுக்க, பூச்சிகளைக் கால்சியம் பொடியில் உருட்டிக் கொடுங்கள், வளரும் குட்டிக்கு அநேகமாகத் தினமும்.

கையை ஆட்டுகிறது, தலையை ஆட்டுகிறது

முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால், "நான் சண்டைக்கு வரவில்லை" என்று அர்த்தம். தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால், "இது என் இடம்". வசந்தத்தில் ஆண்கள் கறுத்த தாடியோடு நாள் முழுக்க ஆட்டும், சாப்பாட்டையும் குறைக்கும். சில வாரங்களில் தணியும். ஒரே தொட்டியில் இரண்டு இருந்து, ஒன்று எப்போதும் கையை ஆட்டிக்கொண்டும் மற்றது அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டும் இருந்தால், அதைப் பாசம் என்று நினைக்காதீர்கள். மேலே படுத்திருப்பது வெயிலைப் பறித்துக்கொள்கிறது. இன்றே பிரியுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று தொட விடவில்லை

தோல் மங்கி வெளுத்திருக்கிறதா? உரிக்கப் போகிறது. இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். தோலை நீங்கள் உரிக்காதீர்கள். விரல் நுனியிலும் வால் நுனியிலும் வளையமாக நின்றுவிட்டால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வையுங்கள்.

ராத்திரி அமைதியில்லை, பகலில் எரிச்சல்

பையன் வீட்டில் இரவு முழுக்கச் சிவப்பு பல்பு எரிந்தது. "அதுக்குச் சிவப்பு தெரியாது" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். நன்றாகத் தெரியும். 2016இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தினர், இந்தத் தாடி டிராகனின் மூளையில் நம்மைப் போலவே ஆழ்ந்த தூக்கமும் கண் அசையும் தூக்கமும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். நமக்கு ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம், அதற்கு ஏறக்குறைய 80 விநாடி. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான சுற்றுகள். இருட்டு கொடுங்கள். அறை மிகவும் குளிர்ந்தால் வெளிச்சம் தராத செராமிக் சூட்டுக் குமிழ் போடுங்கள்.

பழகிவிட்டது, ஆனால் கூப்பிட்டால் வருவதில்லை

இது கோளாறு இல்லை, அடுத்த வகுப்பு. ஒரு குச்சியின் நுனியில் பளிச்சென்ற சிவப்பு மணி ஒன்றைக் கட்டுங்கள். மூக்குக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். அது எட்டிப் பார்த்தாலே ஒரு புழு. பிறகு மணியைத் தொட்டால்தான் புழு. பிறகு ஓரடி நடந்து வந்து தொட்டால். கல்லில் நன்றாகக் காய்ந்த பிறகு, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாரத்தில் நான்கு நாள். தாடி லேசாகக் கறுத்தாலும் அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

ஓணான் சாதிக்கு இவ்வளவு புத்தியா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. பழக்கப்பட்ட டிராகன் ஒன்று தலையால் கம்பிக் கதவை ஒதுக்கித் திறப்பதைப் படமெடுத்து, மற்ற டிராகன்களுக்குக் காட்டினார்கள். பார்த்த எட்டும் அதே மாதிரி திறந்தன. பார்க்காத நான்கில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பையன் இந்தக் குச்சிப் பாடத்தை அக்டோபரில் தொடங்கினான். டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் என்னை அழைத்துப் போய், தொட்டிக் கதவைத் திறந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மணியைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்தான். டிராகன் சாய்வுப் பலகையில் இறங்கி, நடுவில் நின்று என்னை ஒரு முறை தலை சாய்த்துப் பார்த்து, பிறகு நடந்து வந்து மணியை மூக்கால் தொட்டது. தாடி வெளுத்தே இருந்தது. அப்பத்தா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பரங்கிக்காயைத் துருவி வச்சிருக்கேன், அதுக்குக் குடு" என்றார்.